மஞ்சளுக்கு மஞ்சள்

வயர் வாங்க வருகிறவர்களிடம் எத்தனை மீட்டர் என்று கேட்பதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். வயர்க் கடை வைத்திருந்த அந்தம்மா மட்டும் அதைக் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி வேறு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வந்தவரை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, "செரீங்க, நீங்க மாட்டீட்டுப் போயிருவீங்க. அதுக்குப் பொறவு அதைத் தொறக்கப் போறது யாருங்க?" என்பார்.

முதல் தடவை கேட்பவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "எவனோ தொறக்கறானுங்க. உங்களுக்கு என்னங்க அதைப் பத்தி?" என்று கேட்டுவிட்டார். அவருக்காக எடுத்து வைத்த சுருளை அந்தம்மா திரும்பக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். "அந்த எவனோவுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குமுங்க. அடுத்த கடைல கேட்டுப் பாருங்க" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வியாபாரத்துக்கு உட்கார்ந்துகொண்டு வருகிறவரை விரட்டினால் என்ன பிழைப்பு இது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரி இல்லை, நிழலுக்கு ஒதுங்கியவள். இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிகள் உடுமலைப் பக்கமெல்லாம் ஷெட் போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை டியூப்லைட் அடியில் விரித்து, ஓட்டை, கறை, கலர் வித்தியாசம் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. சாயங்காலம் கம்பெனி வேன் எங்களை இறக்கிவிடுகிற இடத்தில்தான் அந்த வயர்க் கடை. அமராவதி நகர் போகிற பஸ் வரும்வரை அதன் வாசலில் நிற்பேன். அந்தம்மா யாரையும் சும்மா நிற்க விடமாட்டார். ஸ்டூலை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க அம்மணி" என்பார். நான் எழுந்ததும் அதைத் துடைத்து, அடுத்து வருகிறவர் உட்காரத் தோதாகத் திருப்பி வைப்பார்.

ஐம்பதை நெருங்கிய வயது, நல்ல உயரம். ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். கொண்டையில் பூ வைக்கிற இடத்தில் டெஸ்டர் செருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் அதை எடுக்க மறந்துவிடுவாராம். ஜெபத்துக்குத் தலை குனிந்தால் பின்வரிசைக் குழந்தைகள் அதைப் பிடுங்கிவிடுகின்றன என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும்.

"கலருங்கறது மாட்டறவனுக்கு இல்லீங்க" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். "அவனுக்குத்தான் எது எங்க போவுதுன்னு தெரியுமே. தொறக்கறவனுக்குத்தான் கலரு. நாம அங்க இருக்க மாட்டோம், நமக்குப் பதிலா அது இருந்து சொல்லோணும்." சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும், பச்சை ஆபத்துக்கு மண்ணில் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் அவரும் சொல்வார். ஆனால் சொல்லும்போது, எங்கோ ஒரு சுவரை உடைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒருவருக்காக அவருக்கு முகம் வாடிவிடும். இப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்தக் குணம் கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாவுக்கு வந்தவர், திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில், தானே காபி வைக்கலாம் என்று அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் என் மாமியார் காலத்திலிருந்து தூள் உப்புதான். காபித்தூள் டப்பாவில் சீரகம். சர்க்கரை, பிஸ்கட் டின்னில். எல்லா வீட்டிலும் இப்படித்தானே? நான் திரும்பி வந்தபோது என் டப்பாக்கள் அத்தனையும் தரையில் வரிசையாக நின்றன. நடுவில் அந்தம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"உள்ள இருக்கறது ஒண்ணு, மேல எழுதியிருக்கறது ஒண்ணா? நீங்க ஆஸ்பத்திரில படுத்துட்டா உங்க ஊட்டுக்காரரு கஞ்சில எதைப் போடுவாரு?"

"அவரு அடுப்படிக்கே வரமாட்டாருங்க."

"அப்ப வர்ற வேற யாரோ."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அடுப்படியில் இன்னொருத்தி கை வைப்பதா? அவர் போனதும் வீம்புக்கு உப்பைப் பழைய டப்பாவிலேயே கொட்டினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதைவிடப் பெரிய கூத்து ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மொய் வைக்க வந்த அந்தம்மா அண்ணாந்து பார்த்தார். சீரியல் லைட் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கப் பச்சை வயரை இழுத்திருந்தார்கள். மிச்சம் கிடந்த வயராக இருக்கும், பந்தல்காரர் அதை எடுத்துக் கட்டிவிட்டார். அந்தம்மா நேராகப் போய் மெயினை இறக்கிவிட்டார். மண்டபமே இருட்டு. இலையில் பாயசம் ரசத்தின் மேல் விழுந்தது. பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். மெயின் பெட்டியை விட்டு அவர் நகரவில்லை. பச்சை வயரின் இரண்டு தலைப்பிலும் பந்தல்காரர் சிவப்பு டேப்பைச் சுற்றிக் காட்டிய பிறகுதான் வெளிச்சம் வந்தது. அன்றைக்கு அவரைத் திட்டாதவர்கள் இல்லை.

மறுநாள் நானே கேட்டேன். "அப்பிடியே உட்டிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"பந்தில உக்காந்தவங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்க. கழட்ட வர்றவனுக்குத்தான். பச்சைதானேன்னு பல்லால கடிச்சு உரிப்பான்."

கழட்ட வருகிறவரின் பல்லைப் பற்றி யோசிக்கிற ஒருவரை என்ன செய்வது? பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. ஏன் இப்படி? ஊரில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. புருஷன் கரண்ட் அடித்துச் செத்துவிட்டார் என்றார்கள். அந்த மனுஷர் காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில்லில் மேஸ்திரியாக நல்லபடியாக இருந்தார், ஞாயிறு தவறாமல் வந்துகொண்டும் இருந்தார். ஜாதகம் பார்த்து யாரோ சொன்னார்களாம் என்றார்கள். சர்ச்சுக்குப் போகிறவருக்கு ஏது ஜாதகம்? அவரிடமே கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வரும். "பொழுது போவோணுமல்லங்க" என்பார் ஒருநாள். இன்னொரு நாள், "நீங்க ஏன் இப்பிடிக் கேக்கறீங்கன்னு நான் கேட்டனா?" என்பார்.

இனி எங்கள் படகுக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் நூல் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே கலர் நூல்கண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதில் மனுஷர் கெட்டிக்காரர். ஆனால் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. அந்தத் தூசியை விட்டு வெளியே வந்தால்தான் பிழைப்பீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் அமராவதி அணையில் மீன் குத்தகை எடுத்தவர், சொந்தப் படகு இருந்தால் வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் தினமும் வேலை உண்டு என்றார். இவர் தூத்துக்குடிப் பக்கம் போய், ஒரு பழைய சின்ன ஃபைபர் படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில்கூட இறங்காத ஆள். நான் அழுது பார்த்தேன். "நீஞ்சத் தெரிஞ்சா மட்டும் அங்க இருக்கற முதலை உட்டுருமா?" என்று சிரித்தார். படகு கொஞ்சம் கசியும் என்று விற்றவர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். கசிகிற தண்ணீரை வெளியே தள்ள, படகின் அடியிலேயே ஒரு சின்னப் பம்பு இருந்தது. அந்தப் பம்பு ஓடினால் இவர் தண்ணீர் மேல் இருப்பார், ஓடாவிட்டால் அடியில் இருப்பார். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். ராத்திரியும் பகலும் அதுவே என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

படகின் வயர்களை எலி கடித்திருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். பேட்டரி ஒரு மூடிய பெட்டிக்குள் இருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் துண்டும் ஒரு சிவப்புத் துண்டும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இவர் என்ன செய்தார் தெரியுமா? மஞ்சளில் ஒரு விரல் நீளம் வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயர்க் கடைக்குப் போனார். துணித் துண்டை வைத்து நூல் தேடின பழக்கம். நானும் கூடப் போயிருந்தேன்.

அந்தம்மா வழக்கம்போலக் கேட்டார். "இதைப் பொறவு தொறக்கப் போறது யாருங்க?"

"நாந்தானுங்க. என்னைய உட்டா யாரு?"

அந்தம்மாவுக்குப் பரம திருப்தி. இரண்டு பேரும் கடை வாசலுக்கு வந்து, வெயிலில் அந்தத் துண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். இது கொஞ்சம் எலுமிச்சை, இது கொஞ்சம் மாம்பழம் என்று சுருள் சுருளாகத் தள்ளிவிட்டு, கடைசியில் அச்சு அசலாக அதே மஞ்சளை எடுத்தார்கள். செக்கிங்காரியான எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இன்னொன்றுக்குக் கறுப்பு வாங்கினார். கம்பெனி மின்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றிலும் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பிப் போகும். எங்கள் பக்கம் ஷெட்டில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே மஞ்சள் பிளஸ், கறுப்பு மைனஸ் என்று இவர் முடிவு கட்டினார்.

பழைய மஞ்சளோடு புது மஞ்சளைச் சேர்த்தார். மிச்சம் இருந்த சிவப்போடு மிச்சம் இருந்த கறுப்பைச் சேர்த்தார். மறுமுனையில், பம்பின் சிவப்பு வயருக்கு மஞ்சளையும் கறுப்பு வயருக்குக் கறுப்பையும் கொடுத்தார். டேப் சுற்றினார். சுவிட்சைப் போட்டால் லைட் எரிந்தது. ஹாரன் அடித்தது. பம்பும் உர்ரென்று ஓடியது. நாலு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தோம், குழாய் வழியாக வெளியே வந்தது. இவர் கரையில் ஒரு நடை நடந்தார் பாருங்கள், அந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கு மறுநாள் உடுமலையில் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். கம்பெனிக்கு லீவு. மத்தியானத்துக்கு மேல் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போவதாக இவர் சொல்லியிருந்தார். நான் இன்னொரு டேப் வாங்கக் கடைக்கு வந்தேன். கரண்ட் இல்லாத கடையில் அந்தம்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பம்பு சத்தம் எப்பிடீங்க?"

"நல்லாத்தான் ஓடுதுங்க. கொஞ்சம் இருமற மாதிரி."

"தண்ணி?"

"வருதுங்க. மாட்டுல பால் பீச்சற அளவுக்கு."

அந்தம்மா விசிறியைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா? பம்புன்னா எட்டிப் போயி விழுவோணுமே கண்ணு. லைட்டு எப்பிடிக் குடுத்தாலும் எரியும். மோட்டாரு அப்பிடி இல்ல, மாத்திக் குடுத்தா திருப்பிச் சுத்தும். சத்தம் வரும், தண்ணி செரியா ஏறாது." பிறகு, "அந்த மஞ்சள்ல மொதல்ல வயரிங் பண்ணுனவரு என்னத்தை வெச்சிருந்தாரு? கேட்டீங்களா?" என்றார்.

"மஞ்சளுக்கு மஞ்சள்தானுங்களே சேத்தோம். நீங்கதானே பாத்துக் குடுத்தீங்க?"

அந்தம்மா எழுந்தார். ஷட்டரை இழுத்துப் பூட்டினார். அவருடைய கடை பகலில் பூட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்காரரின் செல்போன் என் பையில்தான் இருந்தது, தண்ணீரில் விழுந்துவிடும் என்று என்னிடம் கொடுத்திருந்தார். கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அமராவதி நகர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆடி அசைந்து நின்றது. என்னைப் பேச வைக்கத்தானோ என்னவோ, அந்தம்மாவே பேச ஆரம்பித்தார். நான் எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காத பதில் அன்றைக்குக் கேட்காமலே வந்தது.

"நான் ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டவ கண்ணு. மொத சம்சாரம் காய்ச்சல்ல போயிட்டாங்க. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. நான் அந்த ஊட்டுக்குள்ள போறேன், எந்தச் சாவி எதுக்குன்னு தெரியாது. அரிசி எதுல, மருந்து எதுல, தெரியாது. அந்தப் புள்ள ராத்திரி பூரா அழுவுது, என்ன சொல்லித் தூங்க வெப்பாங்கன்னு தெரியாது. இவருகிட்டக் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. நானும் உட்டுட்டேன். போனவங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறதில்லைன்னு வெச்சுக்கிட்டேன். நமக்குப் பொறவு வர்றவங்களாவது இப்பிடி முழிக்கக் கூடாதுன்னு மட்டும் நெனைச்சேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் என் மனசு முழுக்க அணையில் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு கரையிலிருந்து நல்ல தூரத்தில் நின்றது. என்ஜின் அணைந்திருந்தது. இவர் அதன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிகளின் கனத்தில் படகு முன்பக்கம் தாழ்ந்திருந்தது. போட்டுக்கொள்ள வேண்டிய மிதவைச் சட்டையை உட்கார மெத்தையாகப் போட்டிருந்தார், அந்த ஆரஞ்சு நிறம் எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது.

"தண்ணி ஏறுதா?" என்று கத்தினேன்.

"கொஞ்சந்தான்! முட்டிக்குக் கீழதான்! பம்பு ஓடிட்டுத்தான் இருக்குது, சத்தம் கேக்குதில்ல?"

கேட்டது. அந்த உர்ர் சத்தத்தை நம்பித்தான் மனுஷர் இத்தனை நேரம் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்தார். "மஞ்சளைக் கழட்டி மாத்திக் குடுங்க!"

"எந்த மஞ்சளுங்க? ரெண்டும் மஞ்சளாத்தான இருக்குது!"

பழைய மஞ்சள் ஒன்று, புது மஞ்சள் ஒன்று. வெயிலில் பிடித்துப் பார்த்து வித்தியாசமே இல்லாமல் எடுத்த மஞ்சள். இவர் டேப்பைப் பிய்க்கிறார், எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் கரையைப் பார்க்கிறார், மறுபடி குனிகிறார். படகின் முன்பக்கம் இன்னும் இறங்கியது. ஒரு பெட்டி நழுவித் தண்ணீரில் விழுந்தது. இவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி அதுவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"கலரை உடுங்க!" அந்தம்மாவின் குரல் அணை முழுக்கக் கேட்டிருக்கும். "கலரைப் பாக்காதீங்க சாமி! பம்புல இருந்து வர்ற ரெண்டையும் புடிங்க! அதை இதுலயும் இதை அதுலயும் குடுங்க! அவ்வளவுதான்!"

இவர் குனிந்தார். உர்ர் சத்தம் நின்றது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு சத்தம் மறுபடி வந்தது, இந்தத் தடவை கணீரென்று. படகின் பக்கவாட்டில் இருந்து தண்ணீர் கை மொத்தத்துக்குப் பீய்ச்சி அடித்தது.

படகு மெல்ல மெல்லத் தலையைத் தூக்கியது. இவர் துடுப்பைப் போட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போதுதான் கவனித்தேன், நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கினது எனக்குத் தெரியவே தெரியாது. என் முந்தானையை அந்தம்மா கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். அவரும் தண்ணீருக்குள்தான் நின்றார். அவருக்கும் நீச்சல் தெரியாது.

கரையேறியதும் அந்தம்மா மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "பயந்துட்டேன் கண்ணு" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நானேதான் இந்தக் கையால மஞ்சள் பாத்துக் குடுத்தேன். பொறவு தொறக்கறது யாருன்னு கேட்டனே ஒழிய, இதுக்கு முன்னாடி மூடுனது யாருன்னு கேக்கத் தோணலை பாருங்க. அவருக்குப் பொறவு தொறந்தது நீங்கதானுங்களே" என்றார்.

இவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "நானும் கேக்கலீங்க. மஞ்சள்னா மஞ்சள்தானேன்னு நெனைச்சுட்டேன்" என்றார்.

படகை விற்றவரின் நம்பர் செல்போனில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். தான் யார் என்று சொல்லிவிட்டு அந்தம்மா, "ஏனுங்க, அந்த வயருங்கள்ல எந்தக் கலருக்கு என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

மறுபக்கம் ஒரு சிரிப்பு. "மஞ்சதான் மைனஸ் அக்கா! செவப்பு பிளஸ். படகுக்கு அடியில எண்ணெயும் சேறும் பட்டா எல்லா வயரும் கறுப்பாத்தான் தெரியும். அதான் நாங்க கறுப்பே போட மாட்டோம். இதுக்கு முன்ன வித்த படகுக்கெல்லாம் ஒருத்தரும் இதக் கேட்டதே இல்லக்கா. அது கெடக்கட்டு, முன்னால மூக்குக்கு அடியில ஒரு வெடிப்பு உண்டுல்லா, பாரம் ஏத்துனா அதுவழியாத்தான் தண்ணி வரும். அத அடச்சியளா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்சம் கசியும் என்று அவர் சொன்னபோது எங்கே என்று இவர் கேட்டிருக்கவில்லை. அந்த மனுஷர் நிறுத்தவே இல்லை. வெடிப்பை எதை வைத்து அடைக்கலாம், எந்தத் திருகாணி இளகும், குளிரில் என்ஜின் எப்படி முரண்டு பிடிக்கும் என்று பேசிக்கொண்டே போனார். அந்தம்மா "ம், ம்" என்று மட்டும் சொன்னார். பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். எந்தக் கலர் என்பதில் கரையில் ஒரு சண்டையே நடந்தது. சிவப்பும் கறுப்பும் போட்டுவிடலாம், நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றார் இவர். அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்மூரு ஆளு கறுப்பைப் பாத்தா தைரியமாத் தொடுவான். அவங்கூரு ஆளு பாத்தா குழம்புவான். செவப்பு பிளஸ், மஞ்சள் மைனஸ், அந்த மனுசன் வெச்சபடியே இருக்கட்டும். பாதி அவரு பழக்கம், பாதி உங்க பழக்கம்னு இருந்ததுனாலதான இந்தக் கூத்து?" பம்போடு வந்த கறுப்பு வயரின் மேல்கூட மஞ்சள் டேப்பைச் சுற்ற வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க அம்மணி. செவப்பைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணும்?"

"ஏதோ குறை இருக்குது, நிறுத்தோணும்னு தோணுமுங்க. செக்கிங்ல அதுதானே."

"அது போதும், நின்னு பாத்தாச் செரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏதோ யோசனையில் இருந்தார்.

வெடிப்பை அடைத்த பிறகு படகு பல வருஷம் ஓடியது. மிதவைச் சட்டையைப் போடாமல் நான் இவரைத் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. இருமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஆனால் நான் சொல்ல நினைப்பது வயரை மாற்றி ஒரு மாதம் கழித்து நடந்ததை.

வேனை விட்டு இறங்கினேன். அந்தம்மா ஸ்டூலைக்கூட நகர்த்திப் போடாமல், என் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"போன ஞாயித்துக்கெழமை என்ற ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டேன் கண்ணு."

"என்னன்னுங்க?"

"அவங்களைப் பத்தித்தான். மொதல்ல இருந்தவங்க. புள்ளையை என்ன சொல்லித் தூங்க வெப்பாங்க, எப்பிடிப் பேசுவாங்க, எதுக்குச் சிரிப்பாங்கன்னு கேட்டேன். சாப்பிட்டுட்டு இருந்த மனுசன் அப்பிடியே பேச ஆரம்பிச்சுட்டாரு. நிறுத்தவே இல்லீங்க. கண்ணுல தண்ணி வருது, நடுவுல சிரிக்கறாரு, பேசிட்டே இருக்கறாரு. என்னைக்காவது நான் கேப்பேன்னு இத்தனை வருசமாக் காத்துட்டு இருந்திருக்கறாரு கண்ணு. சாப்பிட்ட கை காஞ்சே போச்சு, எந்திரிச்சுக் கழுவக்கூட இல்ல."